டோரதி மிஸ்ஸும் ஒரு மஞ்சள் கோடும்

“ஊக்கு, ஹேர்பின், சாவி எல்லாம் இதுல விழணும். ஒண்ணு மறைச்சாலும் ஊசி காட்டிக் குடுத்துடும், சொல்லிட்டேன்” என்று பித்தளைத் தாம்பாளத்தை நீட்டியபடி பௌதிகக் கூடத்து வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள் டோரதி. காந்தப் பரிசோதனை நாளில் உள்ளே நுழைய இதுதான் சுங்கம். பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகத் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் வளையலிலிருந்தும் கழற்றிக் கழற்றிப் போடுவார்கள். ஹேர்பின் போன பிறகு பூ நிற்குமா? மல்லிகைச் சரமெல்லாம் சன்னல் திட்டில் வரிசையாகப் படுத்திருக்கும். கொண்டை சரிந்து, தாவணி நழுவி, சாமி வந்தவர்கள் மாதிரி ஒன்பது பெண்கள் ஒரு சின்னக் காந்த ஊசியின் முன்னால் குனிந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். டோரதிக்கு வராது. அந்த நேரத்தில் அவளுக்கு ஊசிதான் உலகம்.

கூடத்தைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் மாரியாயிக்கு அன்றைக்கு வராந்தாதான் இடம். அவள் தாலிக் கயிற்றில் ஒரு கொத்து ஊக்கு தொங்கும். காலில் தைத்த முள்ளை எடுக்க, நாடா கோக்க, யாராவது பெண்ணுக்குச் செருப்பு வார் அறுந்தால் ஒட்டுப் போட, எல்லாவற்றுக்கும் அந்தக் கொத்திலிருந்துதான் ஒன்று வரும். “இத மட்டும் அவுக்க மாட்டேன் டீச்சரம்மா. நான் இங்கயே நின்னுக்கறேன், உங்க ஊசிய பயப்படாம இருக்கச் சொல்லுங்க” என்பாள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து விடிகாலையில் நடந்தே வந்து, பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்து முகம் தெரியும்படி வைப்பாள். டோரதி அவளை ‘மாரியாயிம்மா’ என்றுதான் கூப்பிடுவாள்.

டோரதிக்கு முப்பது வயது. வீடு பாலக்கரை. அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பட்டணத்தில் போய்ப் படித்துவிட்டு வந்து, திருச்சியிலேயே ஒரு பெண்கள் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தாள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள்; பிரின்சிபால் அம்மாவுக்குப் பத்திரிகை என்றாலே ஆகாது. டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் கரும்பலகையில் பாடம் நடத்துகிற ஆள் இல்லை. மேஜைக்கு மேஜை நடந்து, கம்பியை இறுக்கி, கண்ணாடியைத் துடைத்து, பெண்களின் கையைப் பிடித்துப் பரிசோதனையை நடத்தி வைக்கிற ஆள். சம்பளத்திலும் மரியாதையிலும் ஒரு படி கீழேதான். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கவலைப்பட அவளுக்கு நேரம் ஏது?

மழை விட்ட காலை நேரத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்க்க வேண்டும். பஸ்ஸிலிருந்து சொட்டிய எண்ணெய் தண்ணீரில் விரிந்து மயில் கழுத்து நிறம் காட்டும். டோரதி புடவையை ஒரு கையால் கூட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிடுவாள். “அம்மா, ஏறுறீங்களா, இல்ல எண்ணெய வழிச்சு எடுத்துக்கிட்டுத்தான் வருவீங்களா?” என்று கண்டக்டர் விசிலை ஊதுவார். “நீங்களும் எறங்கி வந்து பாருங்க. பச்சைக்குப் பக்கத்துல செவப்பு நிக்கிது பாத்தீங்களா? எண்ணெய் அங்க கொஞ்சம் மெல்லிசா இருக்கு, அதான்” என்பாள் இவள். ஒருநாள் அந்த மனிதர் நிஜமாகவே இறங்கி வந்து பார்த்தார். பின்னால் நாலு பயணிகளும் இறங்கினார்கள். டிரைவர் ஹாரனை அமுக்கிய அமுக்கில் தெப்பக்குளம் வரை கேட்டிருக்கும்.

ஒளி பிரிவுப் பரிசோதனைகள் ஆரம்பமானால் அவளுக்குச் சோறு தண்ணி மறந்துவிடும். முக்கோணக் கண்ணாடிப் பட்டகத்தைக் கருவியின் குட்டி மேஜையில் வைத்து மெல்லத் திருப்பும்போது, தொலைநோக்கிக் குழாய்க்குள் தெரிகிற கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். மேஜையை நாம் திருப்புவது என்னவோ ஒரே பக்கம்தான். கோடு மட்டும் ஓரிடத்தில் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பிவிடும். புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு. டோரதி அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டாள். “போவுது, போவுது, இப்ப நிக்கும் பாரு, மூச்சு விடாத. திரும்புது. திரும்பிடுச்சு பாத்தியா?” என்று பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்குவாள். உலுக்கிய உலுக்கில் கோடு பார்வையை விட்டே போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் மகா கண்டிப்பு. புத்தகத்தில் விடை போட்டிருக்கிறது. நமக்கு வந்தது வேறு. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அளவுகளைப் பின்னாலிருந்து முன்னால் கூட்டிக் கழித்துச் சரிபண்ணி எழுதுகிற வழக்கம் ஆண்கள் கல்லூரி, பெண்கள் கல்லூரி என்று பேதமில்லாமல் எங்கும் உண்டு. பையன்கள் இதைச் சமையல் என்பார்கள். டோரதியிடம் இந்தப் பருப்பு வேகாது. “வந்தத எழுது. கோணலா வந்தா கோணலா எழுது. ஏன் கோணல்னு யோசி, அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன் நான்” என்பாள். புத்தக விடை அச்சாக வந்திருந்தால்தான் அவளுக்குச் சந்தேகமே வரும்.

அந்தக் கல்லூரியில் கீழ்வகுப்புகளுக்குப் பௌதிகம் முன்பே இருந்தது; பி.எஸ்ஸி. பௌதிகம் என்பது அவள் போட்ட பிள்ளையார் சுழி. பெண்பிள்ளைகளுக்குச் செடியும் தவளையும் போதும், மின்சாரமும் காந்தமும் எதற்கு என்று நிர்வாகத்தில் இழுத்தடித்தார்கள். இவள் விடவில்லை. கடைசியில் பல்கலைக்கழகம் ஒரு வருஷத்துக்கு மட்டும் சோதனையாக அனுமதி கொடுத்தது. கமிஷன் வந்து ஆய்வுக்கூடத்தைப் பார்க்கும். திருப்தி என்றால் படிப்பு தொடரும். இல்லையென்றால் சேர்ந்தவர்கள் எல்லோரும் விலங்கியலுக்கு மாறிக்கொள்ள வேண்டும். இந்த நிபந்தனையோடு ஆள் பிடிப்பது லேசா? டோரதி வீடு வீடாக ஏறி இறங்கித்தான் அந்த ஒன்பது பேரைச் சேர்த்தாள்.

அந்த ஒன்பதில் ஒருத்தி வள்ளிக்கண்ணு. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் மருதையின் மகள். மருதை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே டோரதியின் பேச்சைக் கேட்டுவிட்டு, “டீச்சர், எம் பொண்ணு கரண்டு படிக்கணும்னு அடம் புடிக்கிது, சரி. ஆனா தவளை அறுக்கிற படிப்புக்கெல்லாம் நான் அனுப்ப மாட்டேன். இது நின்னு போச்சுன்னா லால்குடியில ஒரு மாப்பிள்ள இருக்கான், பேசி முடிச்சுருவேன். அப்பறம் நீங்க வந்து நிக்கக் கூடாது” என்றார். வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர். டோரதி தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து வள்ளிக்கண்ணுவைப் பார்க்கும்போதெல்லாம் லால்குடி மாப்பிள்ளை ஞாபகத்துக்கு வந்தான்.

கமிஷனுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் டோரதி ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தாள். எங்கள் மாணவிகள் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் எவ்வளவு என்று தங்கள் கையாலேயே கிரேட்டிங் வைத்து அளந்து காட்டுவார்கள் என்று. யாரும் கேட்கவில்லை, இவளாகத்தான் எழுதினாள். கிரேட்டிங் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடி வில்லை. அதன் மேல் பாலாடை மாதிரி ஓர் ஏடு ஒட்டியிருக்கும். அந்த ஏட்டில் ஓர் அங்குலத்துக்குப் பதினைந்தாயிரம் கோடு. வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்தால் பிரிந்து பக்கத்துக்குப் பக்கம் விலகி நிற்கும். எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து அலைநீளத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். கல்லூரியில் இருந்தது ஒன்றே ஒன்று. வெல்வெட் பெட்டியில் வைத்து, அதை அலமாரியில் பூட்டி, விரல் படக் கூடாது என்று ஒன்பது பேருக்கும் பாடமாகவே சொல்லி வைத்திருந்தாள்.

கமிஷன் வருகிற நாள் சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிற அன்று என்று வந்தது. அதில்தான் வந்தது வினை.

விடுமுறைக்கு முந்தின நாளே கூடத்தில் ஆயுத பூஜை. மாரியாயி சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகக் கூடத்துக்கு வந்தாள். டோரதி கழுத்தில் சிலுவை போட்டவள்தான். ஆனால் பொன்மலைப் பட்டறையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் எஞ்சினுக்கு மாலை போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். இந்த நாள் என்றால் அவளுக்கும் குஷி. “எதையும் விட்டுடாதீங்க மாரியாயிம்மா. வருஷம் பூரா நமக்காக ஒழைச்சதுங்க. ஒவ்வொண்ணுக்கும் வைங்க” என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் பொரி கடலை வாங்கப் போய்விட்டாள். சாவிக் கொத்தையும் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். மாரியாயி சொன்ன சொல் தட்டாதவள். எதையும் விடவில்லை.

கல்லூரி திறந்த அன்று காலையில் டோரதி முதல் ஆளாக வந்தாள். பினாங்கிலிருந்து தம்பி அனுப்பிய இளநீல நைலான் புடவை, இன்றைக்கென்று எடுத்து வைத்திருந்தது. அந்தப் புடவையோடு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. பஸ்ஸில் ஒரு தடவை, படியேறும்போது ஒரு தடவை என்று தோளில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. கூடத்தைத் திறந்தாள். மின்கலம், கால்வனாமீட்டர், தராசு, எல்லாம் நெற்றியில் பொட்டோடு அழகாக நின்றன. டோரதிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே அலமாரியைத் திறந்து வெல்வெட் பெட்டியை எடுத்தாள்.

கிரேட்டிங்கின் நட்ட நடுவில் சந்தனம் இருந்த தடம். பக்கத்தில் ஏடு சுருங்கி, ஒரு மூலை கண்ணாடியை விட்டுப் பிரிந்து தொங்கியது.

“பொட்டு கொஞ்சம் வழிஞ்சுருச்சு டீச்சரம்மா. அசிங்கமா இருக்கேன்னு ஈரத் துணியால ஒத்தி எடுத்துட்டு மறுபடி வெக்கலாம்னு பாத்தேன். தொடைக்கத் தொடைக்கத் தோலு மாதிரி வந்துருச்சு” என்றாள் பின்னால் வந்து நின்ற மாரியாயி. விடுமுறை முழுவதும் இதை நினைத்துத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க? ஒரே ஒரு கண்ணாடி. இத வெச்சுத்தான ஒம்பது பிள்ளைங்க பொழப்பு இருக்கு” என்று டோரதி கத்திவிட்டாள். கத்திய மறுநிமிஷமே எதையும் விட்டுவிடாதீர்கள் என்று சொன்ன வாய் எது என்று நினைவுக்கு வந்தது. விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதிய கையும் நினைவுக்கு வந்தது. “நீங்க இல்ல, நான்தான். எல்லாம் என் வாய்க்கொழுப்பு” என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாரியாயி சுவரோடு சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரவல் வாங்கலாம் என்றால் மற்றக் கல்லூரிகள் எல்லாம் இன்னும் இரண்டு நாளைக்குப் பூட்டு. வேறு பரிசோதனை காட்டலாம்தான். ஆனால் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் காட்டினால், கண்ணாடி எங்கே என்றுதானே முதல் கேள்வி வரும். கமிஷனில் மூன்று பேர். அதில் பெரியவர் சௌரிராஜ ஐயங்கார், பட்டணத்தில் பெரிய பேராசிரியர், சொந்த ஊர் ஸ்ரீரங்கம். தாயார் சன்னதியில் நவராத்திரி உத்சவம் சேவிக்க முன்னாடியே வந்து உத்தர வீதியில் தங்கியிருக்கிறார் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். கண்டிப்பானவர் என்றும் சொல்லியிருந்தார். அவர் இதற்குள் காவிரிப் பாலம் தாண்டியிருப்பார்.

என்ன செய்வது என்று தெரியாதபோது டோரதியின் கை சும்மா இருக்காது. சோடியம் விளக்கைப் போட்டாள். அது முதலில் ரோஜா நிறத்தில் கண் விழித்து, சோம்பல் முறித்து, மெல்ல மெல்ல மஞ்சளுக்கு வந்தது. கிரேட்டிங் வைக்க வேண்டிய குட்டி மேஜை காலி. இருந்தாலும் பழக்க தோஷம், தொலைநோக்கியை நேராக வைத்துக் கண்ணைப் பொருத்திப் பார்த்தாள். விளக்குப் பக்கத்துக் குழாயின் இடுக்கு வழியாக ஒரே ஒரு மஞ்சள் கோடு நெட்டுக்குத்தாக நின்றது. குனிந்த வாக்கில் நைலான் புடவை மறுபடியும் தோளிலிருந்து வழுக்கி, இரண்டு குழாய்களுக்கும் நடுவில் விழுந்தது.

குழாய்க்குள் ஒரு கோடு இருந்த இடத்தில் வேலி கட்டினாற்போல் கோடுகள். நடுவில் பளிச்சென்று ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, அந்தப் பக்கமும் அதே கணக்கில்.

டோரதி கண்ணை எடுத்தாள். முந்தானையைத் தூக்கினாள், மறுபடி பார்த்தாள், ஒரே கோடு. முந்தானையைத் தொங்கவிட்டாள், வேலி. நைலான் என்றால் மில்லில் நெய்தது; நூலுக்கு நூல் ஒரே இடைவெளி. கிரேட்டிங் என்றால் வேறென்ன? வரிசையாகக் கோடு, வரிசையாக இடைவெளி, அவ்வளவுதானே. அங்கே அங்குலத்துக்குப் பதினைந்தாயிரம், இங்கே நூறு. விலகல் துளியூண்டு இருக்கும். இருக்கட்டுமே, ஐந்தாவது கோடு வரை போய் அளந்தால் கைக்குச் சிக்கும்.

“மாரியாயிம்மா, கத்திரிக்கோல்” என்றாள்.

“எதுக்கு டீச்சரம்மா?”

“குடுங்க சீக்கிரம். வந்துருச்சு, வந்துருச்சு.”

யார் வந்துவிட்டார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே மாரியாயி கத்திரிக்கோலை நீட்டினாள். டோரதி முந்தானையின் நுனியை மேஜை மேல் விரித்து, ஓர் உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டினாள். “ஐயையோ, புதுப் புடவைம்மா” என்று மாரியாயி அழுகையையும் மறந்து கையைப் பிடிக்க வந்தாள். அதற்குள் துண்டு தனியாக வந்துவிட்டது. பழைய போஸ்ட்கார்டில் சன்னல் வெட்டி, மைதா பசை தடவி, துணியைத் தொய்வில்லாமல் இழுத்து ஒட்டினாள். வள்ளிக்கண்ணுவும் மற்றப் பெண்களும் உள்ளே நுழைந்தபோது மிஸ்ஸின் முந்தானையில் சன்னல் போல ஓட்டை; முகமெல்லாம் சிரிப்பு; மூக்கு நுனியில் மைதா.

“கிரேட்டிங் போச்சு. அழுவாதீங்க யாரும். இது இருக்கு” என்று போஸ்ட்கார்டைத் தூக்கிக் காட்டினாள். “வள்ளிக்கண்ணு, நீதான் செய்யப்போற. முதல்ல மைக்ராஸ்கோப்புல நூலு எண்ணு.”

“மிஸ், அவங்க என்ன சொல்லுவாங்க?”

“என்ன வேணா சொல்லட்டும். கோடு வருதில்ல?”

கமிஷன் பத்தரை மணிக்கு உள்ளே வந்தது. சௌரிராஜ ஐயங்கார் நெற்றியில் பளிச்சென்று திருமண், கழுத்து வரை மூடிய கோட்டு, கையில் டோரதியின் விண்ணப்பம். மற்ற இருவரும் பின்னால். பிரின்சிபால் அம்மா எல்லோருக்கும் பின்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். பேராசிரியர் பொட்டு வைத்த கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து சோடியம் விளக்கின் முன்னால் நின்றார்.

“கிரேட்டிங் எங்கே? பெட்டியக் காட்டுங்கோ.”

டோரதி வெல்வெட் பெட்டியைத் திறந்தே நீட்டினாள். “ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சோம் சார். எல்லாத்துக்கும் வெக்கணும்னு சொன்னது நான். ஏடு பிஞ்சுடுச்சு.”

“அப்போ ஸ்டாண்டுலே என்ன இருக்கு?”

“என் புடவை சார்.”

கமிஷனில் ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. டோரதியின் முந்தானையை ஒரு தடவை பார்த்தார், போஸ்ட்கார்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோட்டு நுனியை ஒதுக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து குழாய்க்குள் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை. பின்னால் நின்ற இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து, “இந்தப் பக்கம் ஏழு வரைக்கும் தெரியறதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிமிர்ந்தபோது முகம் பழையபடி கல்லாக இருந்தது. “யார் அளக்கப் போறா?”

வள்ளிக்கண்ணு முன்னால் வந்தாள். மேஸ்திரி மாதிரி அதட்டிப் பேசுகிற பெண். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். “நீங்க யாரும் வாயத் திறக்கப்படாது” என்று பேராசிரியர் டோரதியைப் பார்த்துச் சொன்னார். டோரதி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவளைப் போன்ற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? வள்ளிக்கண்ணு இடது பக்கத்து ஐந்தாம் கோட்டில், குழாய்க்குள் தெரியும் குறுக்குக் கம்பியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஸ்கேலைப் படித்தாள். வலது பக்கம் போனாள். குழாய் கோட்டைத் தாண்டிப் போனது. நிறுத்தி, விரலைத் தாவணியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். டோரதியின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது.

கணக்குப் போட்டு முடித்ததும் வள்ளிக்கண்ணுவின் முகம் வாடியது. “ஆறாயிரத்து நாப்பது ஆங்ஸ்ட்ராம் சார்.”

“புஸ்தகத்துலே என்ன போட்டிருக்கு?”

“அஞ்சாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணு சார்.”

“அதான் ஊரறிஞ்ச நம்பராச்சே. கடைசியிலே ஒரு கோணத்துலே, டிகிரிக்கு அப்புறம் இருக்கற நிமிஷத்துலே ரெண்டைக் கொறைச்சுப் போட்டா கிட்டக்க வந்துடும். நாங்க இன்னும் கையெழுத்துப் போடலே. மாத்திண்டுடேன்” என்றார் பேராசிரியர், வெகு சாதாரணமாக.

டோரதிக்கு மண்டி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மருதை தெரிந்தார். மாற்றிக்கொண்டால் படிப்பு நிலைக்கும், கல்யாணம் தள்ளிப்போகும். ஒரே ஒரு எண்தானே. மாற்றாதே என்று கத்தவும் தோன்றியது. மாற்றினால்தான் என்ன என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தோன்றவும் செய்தது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

வள்ளிக்கண்ணு டோரதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. போஸ்ட்கார்டைத்தான் பார்த்தாள்.

“இல்ல சார். வந்தது இதுதான். நூலு எண்ணுனப்ப ஒரு எடத்துல நெருக்கமா இருக்கு, ஒரு எடத்துல தளந்து இருக்கு. மிஸ் அவசரத்துல ஒட்டுனதுல ஓரமா இழுத்துக்கிச்சு. நூத்துக்கு ரெண்டு மூணு தப்பு அதுல வரும். நான் இதையேதான் எழுதுவேன்.”

“ஒங்க மிஸ் ஒட்டினது சரியில்லேங்கறாயா?”

“ஆமா சார்” என்றாள் வள்ளிக்கண்ணு.

சுவரோரம் நின்ற டோரதிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்க முந்தானையைத் தேடினால் கைக்கு ஓட்டைதான் அகப்பட்டது. பேராசிரியர் விண்ணப்பத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூவரும் பிரின்சிபால் அறைக்குப் போனார்கள், கதவு சாத்திக்கொண்டது.

பெண்கள் வராந்தாவில் கும்பலாக நின்று அந்தக் கதவையே பார்த்தார்கள். ஒருத்தி ஸ்ரீரங்கம் ரங்கநாதருக்கு நேர்ந்துகொண்டாள், இன்னொருத்தி சமயபுரத்தாளுக்கு. வள்ளிக்கண்ணு மட்டும் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். கதவுக்கு வெளியே நிற்கிற காரியம் டோரதிக்கு ஆகாது. கூடத்துக்குள் திரும்பி வந்து தொலைநோக்கியின் முன்னால் உட்கார்ந்தாள். ஏழு வரைக்கும் தெரிகிறது என்றாரே. எட்டு ஏன் தெரியக் கூடாது? இடுக்கை இன்னும் கொஞ்சம் குறுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை நகர்த்தினாள். எட்டாவது, மங்கலாக, இருந்தும் இல்லாததுமாக நின்றது. அதற்கப்புறம் ஒன்பதாவது.

பிரின்சிபால் அறையில் காபி டம்ளர்களை எடுக்கப் போயிருந்த மாரியாயி தட்டோடு ஓடி வந்தாள். வராந்தாவைக் கடக்கும்போதே பெண்களிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. வெளியே ஒரே இரைச்சல், வள்ளிக்கண்ணுவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே.

“குடுத்துட்டாங்க டீச்சரம்மா. நிரந்தரமாவே நடத்திக்கலாம்னு அந்த நாமம் போட்ட ஐயா சொன்னாரு, என் காதால கேட்டேன். புதுக் கண்ணாடி மட்டும் உடனே வாங்கிப் போடணுமாம்.” அவள் கண் வெல்வெட் பெட்டிக்குப் போனது. “கண்ணாடின்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சும்மா. இனிமே நான் இதுங்க பக்கத்துலகூட வர மாட்டேன். வெளியவே நின்னு பெருக்கிட்டுப் போயிடறேன்.”

டோரதி எழுந்து, மாரியாயியின் கையிலிருந்த தட்டை வாங்கி மேஜை மேல் வைத்தாள். தோளைப் பிடித்து அழுத்தி, பேராசிரியர் உட்கார்ந்த அதே ஸ்டூலில் அவளை உட்கார வைத்தாள். இத்தனை வருஷமாகப் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குழாய்க்குள் மாரியாயி ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. வேண்டாம்மா, வேண்டாம்மா என்று அவள் பின்னுக்கு இழுக்க இழுக்க, டோரதி அவள் தலையைக் குழாயின் பக்கம் சாய்த்து, மைதா காய்ந்த தன் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மெதுவாகப் பொத்தினாள்.